அலகு சொல்லாமல் கைமாறும் வரைபடங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயம்புத்தூரில் லேசர் இயந்திரத்தில் தகடு வெட்டிக் கொடுக்கும் சிறு தொழிற்கூடம் ஒன்றில் வரைவாளராக இருக்கிறேன். அதற்கு முன்பு பல ஆண்டுகள் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தேன். டிரேசிங் தாளில் மைப்பேனாவால் கோடு இழுத்த காலத்தையும், அதே கோட்டைக் கணினித் திரையில் இழுக்கும் காலத்தையும் பார்த்தவன் என்ற முறையில், எங்கள் தொழிலில் அன்றாடம் நடந்தும் யாரும் பெரிதாகப் பேசாத ஒரு தவறைப் பற்றித் தங்கள் நாளிதழ் மூலமாக எழுத விரும்புகிறேன். ஒருவர் வரைந்த கோப்பை இன்னொருவர் தம் கணினியில் திறக்கும்போது அதிலுள்ள அளவுகள் வேறாகிவிடுவதுதான் அந்தத் தவறு. தகடு, மரம், கல், கான்கிரீட் என்று எதில் வேலை செய்பவரானாலும் இதனால் பொருளையும் நாளையும் இழந்திருப்பார்.

முதலில் எல்லோருக்கும் பழக்கமான ஒரு வீட்டு மனையை எடுத்துக்கொள்கிறேன். 40 அடி அகலம், 60 அடி நீளம், 2400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்ட். அளக்க வரும் சர்வேயர் டோட்டல் ஸ்டேஷன் கருவியால் மீட்டரில் அளக்கிறார். அவருடைய கோப்பில் 40 அடி என்பது 12.192 என்ற எண்ணாக இருக்கும். வீட்டுக்குத் திட்டம் போடும் கட்டடக் கலைஞர் அடி, அங்குலத்தில் வரைகிறார்; ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் அந்த முறைக்கு ஓர் அலகு என்பது ஓர் அங்குலம் என்பதால், அதே பக்கம் அவருடைய கோப்பில் 480. கம்பி விவரம் வரையும் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் மில்லிமீட்டரில் வரைகிறார். அவரிடம் அது 12192. மனையும் அதன் பக்கமும் ஒன்றுதான், எண்கள் மூன்று, மூன்றும் சரியானவை. ஆனால் இந்த மூன்று கோப்புகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் நாளில், கட்டடக் கலைஞரின் திரையில் சர்வேயரின் மனை முழுவதும் ஒரு வாசற்படி அளவுக்குச் சுருங்கி மூலையில் கிடக்கும். இன்ஜினியரின் அடித்தளமோ ஆயிரம் அடிக்கு மேல் விரிந்து, திரையில் அடங்காமல் போகும்.

நாம் பேச்சில் இந்தத் தவறைச் செய்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எடை, அளவைகளுக்கான சட்டம் 1956-இல் வந்து மெட்ரிக் முறை நடைமுறைக்கு வந்த பிறகும், நம் ஊரில் இரண்டு முறைகளும் அருகருகே வாழ்கின்றன. ப்ளைவுட் பலகையை 8-க்கு 4 அடி என்று கேட்டு வாங்குகிறோம். அதே பலகையின் தடிமனை 18 மில்லிமீட்டர் என்கிறோம். கட்டுக்கம்பியை 8 எம்எம், 12 எம்எம் என்று சொல்லும் மேஸ்திரி, சுவர் தூக்கு விலகியிருந்தால் இரண்டு நூல் விலகியிருக்கிறது என்கிறார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல் என்பது கேட்பவருக்கும் தெரியும். அலகை எண்ணோடு சேர்த்தே வாய் சொல்லிவிடுவதால் குழப்பம் வருவதில்லை. கோப்பில் எண் மட்டும் பயணம் செய்கிறது. அலகு வழியிலேயே விழுந்துவிடுகிறது.

இது ஏன் நடக்கிறது என்பதை விளக்க வேண்டும், ஏனெனில் காரணம் தெரியாதவர்கள் ஒவ்வொரு முறையும் குத்துமதிப்பாகப் பெருக்கியும் வகுத்தும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டோகேட் 1982-இல் வெளிவந்தபோது அதனுடன் சேர்ந்தே வந்ததுதான் டிஎக்ஸ்எஃப் என்ற பரிமாற்றக் கோப்பு வடிவம். இன்றும் தகடு வெட்டும் கூடங்களுக்கு வரும் வரைபடங்கள் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வருகின்றன. இந்தக் கோப்புக்குள் ஒரு கோடு என்பது தொடக்கப் புள்ளியின் எண்களும் முடிவுப் புள்ளியின் எண்களும்தான். அந்த எண் அங்குலமா, மீட்டரா, மில்லிமீட்டரா என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது. கோப்பின் தலைப்பகுதியில் இன்ஸ்யூனிட்ஸ் என்று ஒரு குறிப்பு உண்டு. அதில் 1 என்றிருந்தால் அங்குலம், 2 என்றால் அடி, 4 என்றால் மில்லிமீட்டர், 5 சென்டிமீட்டர், 6 மீட்டர், 0 என்றிருந்தால் அலகு குறிப்பிடப்படவில்லை என்று பொருள். இந்தக் குறிப்பு ஆட்டோகேட் 2000 பதிப்பிலிருந்துதான் கோப்பில் இடம்பெறுகிறது. பழைய வெட்டும் இயந்திரங்களின் மென்பொருள்களுக்காக இன்றைக்கும் நாங்கள் 12-ஆம் பதிப்பு வடிவத்தில் கோப்பைச் சேமித்துக் கொடுக்கிறோம். அப்படிச் சேமித்த கணமே அந்தக் குறிப்பு போய்விடுகிறது. பிறகு அந்தக் கோப்பைத் திறக்கும் மென்பொருள் அலகைக் கேட்கலாம்; கேட்காமல் தானே ஒன்றை வைத்துக்கொள்ளலாம்; கடைசியாக யாரோ ஒருவர் வேறொரு வேலைக்கு வைத்துவிட்டுப் போன அமைப்பையே இதற்கும் பயன்படுத்தலாம்.

குறிப்பு இல்லாதது ஒரு சிக்கல் என்றால், பொய்யான குறிப்பு இருப்பது அதைவிடப் பெரிய சிக்கல். ஆட்டோகேடில் புதிய வரைபடம் தொடங்கும்போது டெம்ப்ளேட் எனப்படும் இரண்டு வார்ப்புகள் பொதுவாகக் கிடைக்கும். ஒன்று அங்குலத்துக்கானது, மற்றொன்று மில்லிமீட்டருக்கானது. எது திறந்தது என்று பாராமல் அங்குல வார்ப்பில் உட்கார்ந்து மில்லிமீட்டரில் வரைந்து முடிப்பவர்களை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். அவருடைய கணினியில் எந்தத் தவறும் தெரியாது. 3000 என்று வரைந்தால் 3000 என்றே காட்டும். ஆனால் அந்தக் கோப்பை மில்லிமீட்டர் என்று முறையாகக் குறிக்கப்பட்ட வேறொரு வரைபடத்துக்குள் செருகினால், மென்பொருள் தன் கடமையைச் செய்து, அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்றுவதாக நினைத்து எல்லாவற்றையும் 25.4 மடங்கு பெரிதாக்கிவிடும். அலகுப் பெட்டியைத் திறந்து, அங்குலம் என்பதை மில்லிமீட்டர் என்று மாற்றிவிட்டால் வரைபடமும் மாறிவிடும் என்று நம்புகிறவர்களும் பலர். அது பெயர்ப்பலகையை மட்டும்தான் மாற்றும். ஒரு கோடுகூட அசையாது. எண்களை அடி, அங்குலமாகக் காட்டு என்று காட்சி முறையை மட்டும் மாற்றுவது இன்னொரு பிழை. 3000 மில்லிமீட்டர் அறையை அப்படிக் காட்டச் சொன்னால் 250 அடி என்று காட்டும். அந்த எண்ணைப் பார்த்துப் பதறி, சரியாக இருந்த வரைபடத்தையே சுருக்கிவிட்ட ஓர் இளைஞரை எனக்குத் தெரியும்.

இதுவரை சொன்னவை எல்லாம் கண்ணில் படும் தவறுகள். 25 மடங்கோ ஆயிரம் மடங்கோ பிசகினால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். 8 அங்குலத் தகடு 8 மில்லிமீட்டராக வந்தால் அதை வெட்டும் அளவுக்கு யாரும் கவனக்குறைவாக இருப்பதில்லை. எனக்கு அச்சம் தருபவை, நூற்றில் ஐந்தோ ஏழோ மட்டும் பிசகி, நம்பும்படியாக வந்து நிற்கும் அளவுகள்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மோட்டார் பொருத்துவதற்கான வட்டத் தகடு ஒன்றின் வரைபடம் எஸ்விஜி என்ற பட வடிவக் கோப்பாக வந்தது. 6 மில்லிமீட்டர் எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) தகட்டில் 40 எண்ணிக்கை வேண்டும். எங்கள் மென்பொருளில் திறந்தபோது வெளிவட்டம் 150 மில்லிமீட்டர், போல்ட் துளைகளின் மைய வட்டம் 120 மில்லிமீட்டர் என்று காட்டியது. எல்லாம் முழு எண்கள். யாருக்கும் சந்தேகம் எழவில்லை. 40 தகடுகளையும் வெட்டி, விளிம்பைத் தேய்த்து, எண்ணி அனுப்பினோம். போல்ட் துளை 16.9 மில்லிமீட்டர் அளவுக்கு இருந்ததால் 16 மில்லிமீட்டர் போல்ட் அதில் தடையில்லாமல் நுழைந்தது. தனியாகச் சோதித்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே பட்டது. மோட்டாரோடு வைத்துப் பொருத்தும் நாளில்தான், இரண்டு போல்ட்டைச் சேர்த்து மாட்ட முடியவில்லை என்று தெரிந்தது. உண்மையில் வெளிவட்டம் 160, துளைகளின் மைய வட்டம் 128, துளை 18 மில்லிமீட்டர்.

காரணத்தைத் தேடிப் பிடிக்க எனக்கு ஒரு மாலை ஆயிற்று. எஸ்விஜி கோப்பில் அளவுகள் பிக்சல், அதாவது திரைப்புள்ளிக் கணக்கில் இருக்கலாம். ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதில் மென்பொருள்களுக்கிடையே ஒற்றுமை இருந்ததில்லை. இங்க்ஸ்கேப் மென்பொருள் 0.91 பதிப்பு வரையில் அங்குலத்துக்கு 90 என்று கணக்கிட்டு வந்தது. 2017-இல் வந்த 0.92 பதிப்பிலிருந்து, இணையத் தரத்தை ஒட்டி 96 என்று மாற்றிக்கொண்டது. வாடிக்கையாளர் வரைந்தது பழைய பதிப்பில். நாங்கள் திறந்த மென்பொருள் எடுத்துக்கொண்டது 96. 90-ஐ 96-ஆல் வகுத்தால் 0.9375. 160-ஐ அதனால் பெருக்கினால் 150. 128-ஐப் பெருக்கினால் 120. கணக்கு முழு எண்ணாக வந்து விழுந்ததே எங்களை ஏமாற்றியது. இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் அங்குலத்துக்கு 72 என்ற கணக்கு. அதிலிருந்து வரும் கோப்பை 96 என்று எடுத்துக்கொண்டு திறந்தால் முக்கால் பங்காகச் சுருங்கும். பெயர்ப்பலகை எழுத்து வெட்டுபவர்கள் இதைச் சில முறை பட்டு அறிந்திருப்பார்கள்.

அந்த 40 தகடுகளில் மென்பொருள்மீது குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்து, வெளிவட்டம் எவ்வளவு ஐயா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நாங்கள் கேட்கவில்லை. அவரும் கோப்போடு ஓர் அளவையாவது எழுதி அனுப்பவில்லை.

இங்கே இன்னொரு பழக்கத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வரைபடத்தின் அளவு பிசகியிருப்பது தெரிந்த பிறகும், வரைந்த உருவத்தைத் திருத்தாமல், அதன்மேல் எழுதப்பட்ட பரிமாண எண்ணை மட்டும் சரியாகத் தெரியும்படி மாற்றிவிடும் வழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. எண்ணை அழித்துவிட்டு வேறு எண்ணைத் தட்டச்சு செய்கிறார்கள். அல்லது பரிமாண அமைப்பில் ஒரு பெருக்கு எண்ணைக் கொடுத்து, 100 என்று அளந்ததை 2540 என்று காட்டவைக்கிறார்கள். தாளில் அச்சிட்டு மேஸ்திரி கையில் கொடுக்கும் வரையில் இது வெளியில் தெரியாது; அவர் எண்ணைப் படித்து வேலை செய்வார். ஆனால் லேசர் இயந்திரம் எண்ணைப் படிப்பதில்லை. கோட்டைத்தான் படிக்கிறது. கோடு 100 என்றால் 100-தான் வெட்டும், மேலே என்ன எழுதியிருந்தாலும். வரைவாளர் ஒருவர் இப்படிச் செய்வதை நான் அவசரம் என்று ஏற்றுக்கொள்ள மாட்டேன். அடுத்தவர் கையில் பொய்யான ஆவணத்தைக் கொடுப்பதாகவே கருதுகிறேன். பழைய டிரேசிங் தாளில் ஓர் அளவை மாற்றினால், அது வரைந்த அளவுக்கு ஒத்துவரவில்லை என்று காட்ட எண்ணின் கீழே ஒரு கோடு போடுவோம். அந்த நேர்மை கணினிக்கு வந்தபோது காணாமல் போனது.

அளவு பிசகிய கோப்பு வந்துவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று என்னிடம் கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். முதலில் எதையும் பெருக்காதீர்கள். அந்த வரைபடத்தில் உங்களுக்கு உறுதியாக அளவு தெரிந்த ஒரு பொருளைத் தேடுங்கள். கட்டடம் என்றால் கதவு, செங்கல் சுவர், படிக்கட்டின் மிதி. இயந்திர பாகம் என்றால் பேரிங் அமரும் துளை அல்லது போல்ட் துளை. எதுவும் இல்லையென்றால் அனுப்பியவரையே கேளுங்கள். அதைத் திரையில் அளந்து, உண்மை அளவைத் திரையின் அளவால் வகுங்கள். வரும் விடை 25.4 என்றால் அங்குலத்தில் வரைந்ததை மில்லிமீட்டர் என்று திறந்திருக்கிறீர்கள். 304.8 என்றால் அடி. 1000 என்றால் மீட்டர், 10 என்றால் சென்டிமீட்டர். அங்குல வரைபடத்துக்குள் மீட்டர் வந்து உட்கார்ந்திருந்தால் 39.37, அடி வந்து உட்கார்ந்திருந்தால் 12. இந்தக் குடும்பத்தில் சேராத எண் வந்தால், உதாரணமாக 1.0667 அல்லது 1.333 என்று வந்தால், அது அலகுப் பிழை அன்று; பிக்சல் கணக்கு, அல்லது யாரோ தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி அச்சிட்ட பிடிஎஃப்-இலிருந்து எடுத்தது. 1.07 என்ற எண்ணை உத்தேசமாகப் போட்டுப் பெருக்கிச் சரிசெய்வது அங்கே ஆபத்து. மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதே முறை.

அகலத்தில் ஓர் அளவையும் உயரத்தில் ஓர் அளவையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே விடை வரவில்லையென்றால் வரைபடம் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது. ஸ்கேன் செய்த பழைய தாளிலிருந்து எடுத்த வரைபடங்களில் இது சாதாரணம். அதைச் சீராக்க முயல்வதைவிட மறுபடி வரைவது நல்லது.

பெருக்கும் எண்ணை எப்படிக் கொடுப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மில்லிமீட்டரை அங்குலமாக்க 0.0394 என்று சுருக்கிக் கொடுப்பவர்கள் உண்டு. 1959-இல் ஆங்கிலம் வழங்கும் ஆறு நாடுகள் சேர்ந்து ஓர் அங்குலம் சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று முடிவு செய்துவிட்ட பிறகு, நாம் ஏன் குறை எண்ணைப் பயன்படுத்த வேண்டும்? மேலே சொன்ன 12192-ஐ 0.0394-ஆல் பெருக்கினால் 480-க்குப் பதிலாக 480.36 வரும். 40 அடி மனையில் ஏறக்குறைய மூன்று நூல் கூடிவிடும். எனவே 1-ஐ 25.4-ஆல் வகுத்து வரும் எண்ணைச் சுருக்காமல் கொடுக்க வேண்டும். அல்லது ஸ்கேல் கட்டளையில் உள்ள ரெஃபரன்ஸ் வழியைப் பயன்படுத்தி, இரண்டு புள்ளிகளைத் தொட்டுக் காட்டி, இவற்றுக்கிடையே உண்மையில் இவ்வளவு தூரம் என்று எழுதிவிட வேண்டும். கணக்கை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். தொடங்குவதற்கு முன், முடக்கி வைத்த அடுக்குகளையும் (லேயர்) பூட்டிய அடுக்குகளையும் திறந்துவிட வேண்டும்; இல்லையேல் சுவர் மட்டும் பெரிதாகித் தூண்கள் பழைய அளவிலேயே நிற்கும். திருத்திய பிறகு அலகுக் குறிப்பையும் உண்மையாக்கிச் சேமிக்க வேண்டும். விட்டுவிட்டு வரையும் கோடுகள் திருத்தத்துக்குப் பின் முழுக் கோடாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். அது கோட்டு வகையின் விகிதம், உருவத்தில் பிழையில்லை.

நில அளவை வரைபடமாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. டோட்டல் ஸ்டேஷனும் ஜிபிஎஸ் கருவியும் தரும் புள்ளிகள் உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் யுடிஎம் முறையின் ஆயத்தொலைவுகளில் வரும்போது, அந்த எண்கள் உலகத்தில் அந்த இடம் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கின்றன. கோயம்புத்தூரில் வடக்குத் தொலைவு பன்னிரண்டு லட்சம் மீட்டருக்கு மேல் இருக்கும். இப்படிப்பட்ட கோப்பை மனையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு பெரிதாக்கினால் மனை சரியான அளவுக்கு வரும், ஆனால் எண்கள் இடத்தை இழந்துவிடும். பூஜ்யம், பூஜ்யம் என்ற ஆதிப்புள்ளியை வைத்தே அளவை மாற்ற வேண்டும். தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. யுடிஎம் பகுப்பில் 78 பாகை கிழக்குத் தீர்க்கக்கோடு நம் மாநிலத்தின் நடுவே செல்கிறது. கோயம்புத்தூர் 43-ஆம் மண்டலத்திலும் சென்னை 44-ஆம் மண்டலத்திலும் அடங்கும். எல்லைக்கோட்டின் இருபுறமும் எடுத்த இரண்டு கோப்புகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லையென்றால், அலகைக் குறை சொல்வதற்கு முன் மண்டலத்தைக் கேட்க வேண்டும்.

பழைய நில ஆவணங்களைக் கணினிக்கு மாற்றுபவர்கள் லிங்க் என்ற அளவையும் மறக்கக் கூடாது. 66 அடிச் சங்கிலியில் நூறில் ஒரு பங்கு ஒரு லிங்க், 7.92 அங்குலம், 20.1168 சென்டிமீட்டர். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்பதால் ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட் என்று வாய்க்கணக்காகவே போட முடிந்தது. அந்தக் காலத்து அளவையாளர்களுக்கு இது எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று பலமுறை வியந்திருக்கிறேன். ஆனால் லிங்கில் எழுதிய எண்ணை இன்று மீட்டர் என்று வரைந்தால் ஐந்து மடங்கு பிசகும். அடி என்று வரைந்தால் ஒன்றரை மடங்குதான் பிசகும். இரண்டாவது பிழைதான் கண்ணுக்குத் தப்பும், பரப்பளவில் அது இரண்டேகால் மடங்குக்கும் மேலாகப் பெருகும். நீளத்தில் வரும் பிசகு பரப்பில் அதன் இருமடிப் பெருக்கமாக வரும் என்பதை மனை வாங்குபவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்குலத்தையும் மில்லிமீட்டரையும் குழப்பினால் நீளம் 25.4 மடங்கு, பரப்பு 645.16 மடங்கு.

முப்பரிமாண அச்சுக்குப் பயன்படும் எஸ்டிஎல் கோப்பில் அலகுக் குறிப்புக்கே இடமில்லை என்பதையும், எஸ்டிஇபி என்ற ஸ்டெப் கோப்பு அலகைத் தன்னுடனேயே எடுத்துச் செல்கிறது என்பதையும் இத்துடன் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முப்பரிமாண மாதிரி அனுப்புபவர்கள் முடிந்தவரை ஸ்டெப் கோப்பாக அனுப்பினால் வாங்குபவர்களுக்குப் பெரிய உதவி.

இனி, இதற்குப் பொறுப்பானவர்களிடம் என் வேண்டுகோள்களை வைக்கிறேன். பாலிடெக்னிக் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் படித்து எங்களிடம் சேரும் இளைஞர்கள் மென்பொருளின் கட்டளைகளை என்னைவிட வேகமாக இயக்குகிறார்கள். வரைவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மற்றவர் வரைந்த கோப்பைத் திறந்து அதன் அலகைக் கண்டுபிடிக்கும் பயிற்சி அவர்களில் மிகச் சிலருக்கே இருக்கிறது, ஏனெனில் பயிற்சிக் கூடத்தில் ஒவ்வொருவரும் புதிய வரைபடத்தைத் தொடங்கி, தாமே முடித்து, தாமே அச்சிட்டு மதிப்பெண் பெறுகிறார்கள். ஒரு மாணவரின் கோப்பை அடுத்த மாணவரிடம் கொடுத்து, வேண்டுமென்றே அலகைக் குலைத்து, உண்மை அளவைக் கண்டுபிடிக்கச் சொல்லும் ஒரு செய்முறைத் தேர்வை ஆசிரியர்கள் நடத்தினால் போதும். அதற்குப் புதிய கருவி வேண்டாம், செலவும் இல்லை. டிஎக்ஸ்எஃப் கோப்பு சாதாரண எழுத்துக் கோப்பு என்பதால், நோட்பேடில் திறந்து அலகுக் குறிப்பு எங்கே இருக்கிறது என்று காட்டினாலே மாணவர்களுக்குப் பல விஷயங்கள் தெளிவாகிவிடும்.

கட்டட அனுமதிக்கும் மனைப்பிரிவு அனுமதிக்கும் கணினி வரைபடங்களைப் பெற்றுக்கொள்ளும் அலுவலகங்கள் எவையானாலும், எந்த அலகில் வரைய வேண்டும் என்பதை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுத வேண்டும். கோப்பு வந்து சேர்ந்தவுடன், உங்கள் மனையின் அகலம் இவ்வளவு, நீளம் இவ்வளவு என்று எங்களுக்குத் தெரிகிறது, சரியா என்று கேட்டு, விண்ணப்பதாரர் ஒப்புக்கொண்ட பிறகே பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு வரைபடம் திரும்பி வந்தால், மனைக்காரர் வரைவாளரைக் குறை சொல்கிறார், வரைவாளர் மென்பொருளைக் குறை சொல்கிறார். நடுவில் நாட்கள் ஓடுகின்றன, வங்கிக் கடனும் தள்ளிப்போகிறது.

வேலை கொடுக்கும் வாடிக்கையாளர்களிடம் நான் கேட்பது இன்னும் எளியது. கோப்பை வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: மில்லிமீட்டரில் வரைந்தது, மொத்த நீளம் இவ்வளவு, மொத்த அகலம் இவ்வளவு. அச்சிட்ட தாளையோ அதன் புகைப்படத்தையோ சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது. முன்பு வரைபடத்தின் அடியில் 1-க்கு 100 என்று எழுதுவதோடு நிற்காமல், பிரித்துக் காட்டிய அளவுகோல் ஒன்றையும் வரைந்து வைப்போம். அம்மோனியா பிரிண்ட் எடுக்கையில் தாள் சுருங்கினாலும் அந்த அளவுகோலும் சேர்ந்தே சுருங்குவதால், எந்தப் பிரதியிலும் உண்மை அளவை மீட்டெடுக்க முடிந்தது. எழுதிய விகிதம் பிரதியில் பொய்யாகிவிடும். வரைந்த அளவுகோல் பொய்யாகாது.

அந்தப் பழைய வழியைத்தான் இப்போது எங்கள் கூடத்தில் வேறு உருவில் பின்பற்றுகிறோம். வெளியே போகும் ஒவ்வொரு கோப்பின் இடது கீழ் மூலையிலும், வெட்டப்படாத தனி அடுக்கு ஒன்றில், 100 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தை வரைந்து, அதனுள் நூறுக்கு நூறு எம்எம் என்று எழுதிவிடுகிறோம். வாடிக்கையாளர்களையும் அப்படியே வரைந்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். கோப்பைத் திறந்தவுடன் முதலில் அளப்பது அந்தச் சதுரத்தை. 3.937 என்று வந்தால் அங்குலக் கோப்பு, 2540 என்று வந்தால் மில்லிமீட்டரை அங்குலமாக எடுத்துக்கொண்டிருக்கிறது, 93.75 என்று வந்தால் பழைய பிக்சல் கணக்கு. 75 என்றால் இல்லஸ்ட்ரேட்டர். ஒரு பக்கம் 100, மறுபக்கம் 98 என்று வந்தால் எங்கோ இழுபட்ட வரைபடம். இந்தச் சதுரம் வரைய அரை நிமிடம்கூட ஆகாது. தங்கள் நாளிதழைப் படிக்கும் வரைவாளர்களும், தகடு, மரம், கல் வெட்டும் கூடத்தினரும் நாளைக்கு அனுப்பும் முதல் கோப்பிலேயே இதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த 40 தகடுகளில் ஒன்றை எங்கள் கணினி மேசைக்கு மேலே சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம். புதிதாகச் சேர்பவர்களிடம் வெர்னியர் அளவுகருவியைக் கொடுத்து முதலில் அதன் விட்டத்தைத்தான் அளக்கச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
வரைவாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.